சின்னச் சொல்தானே என்று விட்டுவிடலாமா?
‘ஜொப்’ என்ற சொல்லுக்கு முன்னும் பின்னும் நிற்பவை

“அக்கா, எனக்கு ஜொப் கிடைச்சிட்டுது. இந்தக் கடிதத்தை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ.”

மூதூர்ப் பக்கத்தைச் சேர்ந்த சகோதரி ஒருவர் கடிதமொன்றை நீட்டினார். 2006ஆம் ஆண்டு இடம்பெயர்ந்து, பல இடங்களில் இருந்து, கணவரையும் போரில் இழந்து, இப்போது திருகோணமலை நகரை அண்டி வாழ்பவர். அதிகாலை 2 மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்து மூன்று கடைகளுக்குக் கொடுத்தே பிள்ளைகளை வளர்த்தவர். கடிதம் கடற்கரைப் பக்கத்து விடுதி ஒன்றிலிருந்து வந்திருந்தது. முகத்தில் அத்தனை மகிழ்ச்சி. “நாளையில இருந்து இடியப்பம் இல்லை எண்டு கடைக்காரருக்குச் சொல்லிப்போட்டு வாறன்” என்று புறப்படவும் ஆயத்தமாகிவிட்டார்.

கடிதத்தில் ‘ஜொப்’ என்ற சொல் இருந்தது உண்மைதான். ஆனால் தனியாக இருக்கவில்லை. ‘ஜொப் ட்ரெயினிங் ஃபோர் த்ரீ மந்த்ஸ்’ என்று இருந்தது. அதாவது, மூன்று மாத வேலைப் பயிற்சி. அவர்கள் தர முன்வந்தது பயிற்சி, வேலை அல்ல.

சகோதரிகளே, இது அவர் ஒருவருடைய தவறல்ல. நாம் எல்லோரும் செய்வதுதான். கடிதத்தைக் கண்டதும் பெரிய சொல்லைப் பிடித்துக்கொள்கிறோம். அதற்குப் பக்கத்தில் நிற்கும் சொல்லையும், எறும்பு போல இடையில் ஊரும் சின்னச் சொற்களையும் விட்டுவிடுகிறோம். சம்பளம் எவ்வளவு, எத்தனை காலத்துக்கு, யாருக்குக் கீழே, எதற்குப் பொறுப்பு என்பவையெல்லாம் அந்தச் சின்னச் சொற்களில்தான் இருக்கின்றன. அவற்றை அறிந்துகொள்ளப் பெரிய ஆங்கிலப் படிப்புத் தேவையில்லை. பாடசாலையில் படித்த தமிழ் இலக்கணத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொண்டால் போதும்.

துறைமுகமும் ஆங்கிலமும்

எமது ஊரில் ஆங்கிலம் துறைமுகத்தோடு ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. பிரித்தானியக் கடற்படையின் தளமாக இந்தத் துறைமுகம் 1957ஆம் ஆண்டு வரை இருந்தது. டொக்யார்ட் வீதி, இன்னர் ஹார்பர் வீதி என்ற பெயர்கள் இன்றும் எம் வாயில் இருக்கின்றன. உவர்மலையை ஓர்ஸ் ஹில் என்றும், சீனக்குடாவை சைனா பே என்றும் சொல்பவர்கள் இன்னும் உண்டு.

பின்னர் சீனக்குடாப் பக்கம் பிரிமா மா ஆலை வந்தது. டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை வந்தது. வடக்கே புல்மோட்டையில் கனிய மணல் நிறுவனம் இருக்கிறது. 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின்னர் உதவி நிறுவனங்கள் வந்தன. 2009இல் போர் முடிந்த பின்னர் உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் விடுதிகள் பெருகின. அரச அலுவலகங்களில் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் எமக்கு உரிமை உண்டு. தமிழும் ஆட்சிமொழி என்பது 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தோடு அரசியலமைப்பில் எழுதப்பட்டது. ஆனால் தனியார் நிறுவனங்களின் விளம்பரமும் நியமனக் கடிதமும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. ஆகவே அந்தக் கடிதத்தை வாசிக்கும் வழியை நாமே கற்றுக்கொள்வது நல்லது.

கடைசிச் சொல்லே தலைச்சொல்

முதலில் இரண்டு பெயர்ச்சொற்கள் சேர்ந்து வருவதைப் பார்ப்போம்.

தமிழில் ‘வேலைக் கடிதம்’ என்கிறோம். இது வேலையா, கடிதமா? கடிதம்தான். ‘வேலைக்கான கடிதம்’ என்பதில் இடையில் உள்ளதை மறைத்துச் சொல்கிறோம். இதைத்தான் பாடசாலையில் வேற்றுமைத்தொகை என்று படித்தோம். ஆங்கிலத்திலும் இதே முறைதான். கடைசியில் நிற்கும் சொல்லே உங்களுக்குக் கிடைக்கும் பொருள். முன்னால் நிற்பது அது எப்படிப்பட்டது என்று காட்டுவது மட்டுமே.

‘ஜொப் ட்ரெயினிங்’ என்றால் பயிற்சி. ‘ஜொப் அப்ளிகேஷன்’ என்றால் விண்ணப்பம். ‘ஜொப் இன்டர்வியூ’ என்றால் நேர்முகப் பரீட்சை. ‘ஜொப் ஓஃபர்’ என்றால் வேலை தருகிறோம் என்ற அழைப்பு. நீங்கள் சம்மதித்த பின்னர்தான் அது வேலையாகும். இவற்றிலெல்லாம் ‘ஜொப்’ முன்னால் நிற்கிறது. ஆகவே இவை எதுவும் இன்னும் வேலை அல்ல.

‘ஜொப்’ கடைசியில் வந்தால் அது வேலை. ‘ஹோட்டல் ஜொப்’ என்றால் விடுதி வேலை. ‘ஃபுல் டைம் ஜொப்’ என்றால் முழுநேர வேலை. ‘பார்ட் டைம் ஜொப்’ என்றால் பகுதிநேர வேலை.

இடம் மாறினால் பொருளும் மாறும். ‘கொன்ட்ராக்ட் ஜொப்’ என்பது நாம் சொல்லும் கொந்தராத்து வேலை, காலம் முடிந்ததும் முடிந்துவிடும். ‘ஜொப் கொன்ட்ராக்ட்’ என்பது வேலை ஒப்பந்தம், அதாவது நீங்கள் கையொப்பமிடும் கடதாசி. நிரந்தர வேலைக்கும் அப்படியொரு ஒப்பந்தம் இருக்கலாம். இதை மாற்றி விளங்கிக்கொண்டு நல்ல வேலையைக் கைவிடுபவர்களும் உண்டு, ஆறு மாத வேலையை நிரந்தரம் என்று நம்புபவர்களும் உண்டு.

உருபு முன்னால் வரும்

அடுத்தது சின்னச் சொற்கள். தமிழில் வேற்றுமை உருபு சொல்லின் வாலில் ஒட்டும். கடை + இல் = கடையில். ஆங்கிலத்தில் அந்த உருபு தனிச்சொல்லாகக் கழன்று முன்னால் போய் நிற்கும். ‘இன் எ ஷொப்’ என்றால் கடையில். இவ்வளவுதான் வித்தியாசம். தமிழில் ஒரே உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொற்கள் பங்கிட்டுக்கொள்வதால்தான் எமக்குக் குழப்பம் வருகிறது.

எமது ‘இல்’ அங்கே மூன்றாகும். ஊர், நாடு, துறை, பிரிவு என்றால் ‘இன்’ வரும். ‘எ ஜொப் இன் ட்ரிங்கோமலி’ என்றால் திருகோணமலையில் ஒரு வேலை. ‘எ ஜொப் இன் த கிச்சன்’ என்றால் சமையலறையில் வேலை. குறித்த ஒரு நிறுவனம், பாடசாலை, விடுதி என்றால் ‘அற்’ வரும். ‘எ ஜொப் அற் எ ஹோட்டல்’ என்றால் ஒரு விடுதியில் வேலை. பண்ணை, கப்பல் என்றால் ‘ஒன்’ வரும். ‘எ ஜொப் ஒன் எ ஃபார்ம்’ என்றால் பண்ணையில் வேலை.

‘வித்’ என்பதற்கு ‘உடன்’ என்று படித்திருப்போம். வேலை விடயத்தில் அது உங்களை வேலைக்கு அமர்த்தும் நிறுவனத்தைக் காட்டும். ‘எ ஜொப் வித் எ கிளீனிங் கம்பனி’ என்றால் துப்புரவு நிறுவனம் ஒன்றின் வேலை. இதை நன்றாகக் கவனியுங்கள். வேலை நடக்கும் இடம் ‘அற்’ என்பதற்குப் பின்னால் ஒரு பெரிய தொழிற்சாலையாக இருக்கும். ‘வித்’ என்பதற்குப் பின்னால் நீங்கள் கேள்விப்படாத ஒரு முகவர் நிறுவனம் இருக்கும். அப்படியானால் சம்பளம் தரவேண்டியவர் தொழிற்சாலைக்காரர் அல்ல, அந்த முகவர் நிறுவனம். பின்னால் பிரச்சினை வந்தால் யாரிடம் கேட்பது என்பதை அந்த ஒரு சொல் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

‘அஸ்’ என்பது எமது ‘ஆக’. ‘எ ஜொப் அஸ் எ குக்’ என்றால் சமையலாளராக வேலை. ‘ஒவ்’ என்பது கடமையைச் சொல்லும். ‘த ஜொப் ஒவ் கிளீனிங் த ரூம்ஸ்’ என்றால் அறைகளைத் துப்புரவு செய்யும் வேலை. ‘அஸ்’ என்பதற்குப் பின்னால் சமையலாளர் என்றும், கடமைப் பட்டியலில் துப்புரவு, சலவை, தோட்டம் என்றும் இருந்தால், கையொப்பமிட முன்னர் கேட்டுத் தெளிவுபெறுங்கள்.

எமது ‘க்கு’ என்ற உருபும் இரண்டாகும். ‘அப்ளை ஃபோர் த ஜொப்’ என்றால் அந்த வேலைக்கு விண்ணப்பிப்பது. ‘அப்ளை டு த மனேஜர்’ என்றால் முகாமையாளருக்கு விண்ணப்பிப்பது. எது வேண்டும் என்பதற்கு ‘ஃபோர்’, யாரிடம் என்பதற்கு ‘டு’.

இந்த இரண்டும் இன்னோர் இடத்திலும் வரும். ‘ரெஸ்பொன்சிபிள் டு த சூப்பர்வைசர்’ என்றால் மேற்பார்வையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். ‘ரெஸ்பொன்சிபிள் ஃபோர் த ஸ்டோர்ஸ்’ என்றால் களஞ்சியப் பொருட்களுக்குப் பொறுப்பு நீங்கள். ஒரு மூட்டை சீனி குறைந்தால் கேள்வி யாரிடம் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

காசைத் தீர்மானிக்கும் சொற்கள்

சம்பளம் பற்றிய வரியை இரண்டு தடவை வாசியுங்கள்.

‘பை த மந்த்’ என்றால் மாதக் கணக்கு. ‘பை த டே’ என்றால் நாட் கணக்கு, போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. ‘பை த பீஸ்’ என்றால் துண்டுக் கணக்கு. ‘பை த ஜொப்’ என்றால் ஒரு வேலையை முடித்துக் கொடுத்தால் இவ்வளவு என்ற கணக்கு. இங்கே ‘ஜொப்’ என்பது உத்தியோகமே அல்ல, கையில் எடுத்த ஒரு காரியம். தையல் வேலையைப் பொறுப்பெடுக்கும் சகோதரிகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

‘அப் டு 40,000’ என்றால் ‘40,000 வரை’. 25,000 தந்தாலும் அவர்கள் சொன்னது பொய்யாகாது. ‘ஃப்ரொம் 40,000’ என்றால்தான் அது தொடக்கச் சம்பளம்.

‘வித் ஃபூட் அண்ட் லொட்ஜிங்’ என்றால் சாப்பாடும் தங்குமிடமும் உண்டு. ஆனால் அதற்காகச் சம்பளத்தில் கழிப்பார்களா என்று கேளுங்கள். ‘டிடக்டட் ஃப்ரொம் த சலரி’ என்று இருந்தால் சம்பளத்திலிருந்து கழிப்பார்கள்.

‘ஃபோர் சிக்ஸ் மந்த்ஸ்’ என்றால் ஆறு மாத காலத்துக்கு. ‘ஆஃப்டர் சிக்ஸ் மந்த்ஸ்’ என்றால் ஆறு மாதத்தின் பின்னர். ‘வித்தின் சிக்ஸ் மந்த்ஸ்’ என்றால் ஆறு மாதத்துக்குள். நிரந்தரமாக்குவது பற்றிய வரியில் இவற்றில் எது நிற்கிறது என்று பாருங்கள். ‘ஒன் ப்ரொபேஷன்’ என்றால் தகுதிகாண் காலத்தில் இருக்கிறீர்கள் என்று பொருள். வேலையை விடும்போதோ நிறுத்தும்போதோ ‘இன் லியூ ஒவ் நோட்டீஸ்’ என்று வரும். முன்னறிவித்தலுக்குப் பதிலாகக் காசு என்பது அதன் கருத்து. அது இரு பக்கத்துக்கும் பொருந்துமாறு எழுதியிருந்தால், நீங்கள் திடீரென்று நின்றாலும் உங்களிடம் கேட்பார்கள்.

விண்ணப்பத்திலும் இதேதான். ‘பை த ஃபிஃப்டீன்த்’ என்றால் 15ஆம் திகதிக்கு முன்னரோ அன்றைக்கோ கிடைத்துவிட வேண்டும். 16ஆம் திகதி கொண்டுபோனால் வீண்.

கடிதத்தில் இல்லாவிட்டாலும் சட்டத்தில் உள்ளது

கடிதத்தில் எழுதாவிட்டாலும் சில உரிமைகள் உங்களுக்கு உண்டு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து குறைந்தது 8 வீதமும், தொழில் தருநர் தன் பங்காகக் குறைந்தது 12 வீதமும் செலுத்த வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில் தருநரே 3 வீதம் செலுத்த வேண்டும். உங்களிடம் அதைக் கழிக்கக்கூடாது.

மாதச் சம்பளம் 30,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் 2,400 ரூபா கழிப்பார்கள். தொழில் தருநர் 3,600 ரூபா போட்டு, மாதம் 6,000 ரூபா உங்கள் பெயரில் சேர வேண்டும். நம்பிக்கை நிதியத்துக்கு இன்னும் 900 ரூபா. “நீங்கள் ‘ஒன் ப்ரொபேஷன்’, ஆகவே இப்போது இல்லை” என்றோ, “நீங்கள் ‘பை த டே’, ஆகவே இல்லை” என்றோ சொன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டாம். தற்காலிக ஊழியருக்கும், நாட் கூலிக்கும், துண்டு வேலைக்கும் சேமலாப நிதி வேலையின் முதல் நாளிலிருந்தே உண்டு. சந்தேகம் இருந்தால் தொழில் அலுவலகத்தில் தமிழிலேயே கேட்கலாம், தமிழிலேயே முறைப்பாடு எழுதிக் கொடுக்கலாம். கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்வோருக்கு, வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது.

கடல் கடந்து போவோருக்கு

வெளிநாட்டு வேலைக்குப் போகும் சகோதரிகளுக்கு இந்தச் சின்னச் சொற்கள் இன்னும் முக்கியமானவை. முகவர்கள் ‘ஜொப் ஓடர் வந்திட்டுது’ என்பார்கள். கடைசிச் சொல்லைப் பாருங்கள். அது ஓடர். இன்ன வேலைக்கு இத்தனை பேர் வேண்டும் என்று வெளிநாட்டுத் தொழில் தருநர் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். அதில் உங்கள் பெயர் இல்லை. அதை நம்பி நகையை அடகு வைக்கவோ கடவுச்சீட்டைக் கையளிக்கவோ வேண்டாம். உங்கள் பெயரும் கையொப்பமும் இருப்பது ‘ஜொப் கொன்ட்ராக்ட்’ என்ற வேலை ஒப்பந்தத்தில்தான்.

அந்த ஒப்பந்தத்தில் ‘அஸ்’ என்பதற்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். முகவர் வாயால் சொன்ன வேலையும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘ஒன் எ விசிட் விசா’ என்றால் நீங்கள் சுற்றிப் பார்க்கப் போகும் ஆளாகக் கணிக்கப்படுவீர்கள். ‘ஒன் அன் எம்ப்ளோய்மென்ட் விசா’ என்றால்தான் வேலைக்குப் போகும் ஆள். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யாமல் புறப்பட வேண்டாம். முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்பதையும் அங்கேயே கேட்டறியலாம்.

எங்கள் வேலைக்கும் பெயர் உண்டு

இன்னுமொரு விடயம். தமிழில் ‘வேலை’ என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ‘வேர்க்’ என்பது உழைப்பு. ‘ஜொப்’ என்பது சம்பளத்தோடும் பதவிப் பெயரோடும் வரும் உத்தியோகம். இந்த வேறுபாடு எமது பேச்சிலும் வந்துவிட்டது. விடியும் முன்னர் எழும்பி, நாள் முழுதும் உழைக்கும் பெண்ணிடம் கேட்டால் “எனக்கு ஜொப் ஒண்டும் இல்லை” என்கிறாள். விண்ணப்பப் படிவத்தில் முன் அனுபவம் என்ற இடத்தை வெறுமையாக விட்டுவிடுகிறாள்.

அப்படி விட வேண்டாம். ‘அஸ்’ என்ற சொல் எமக்கும் உதவும். பாடசாலையில் மாணவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தீர்களா? ‘வேர்க்ட் அஸ் எ குக் அற் எ ஸ்கூல்’ என்று எழுதுங்கள். மாதர் சங்கத்தில் கணக்கு வைத்தீர்களா? ‘வேர்க்ட் அஸ் த ட்ரெஷரர் ஒவ் எ விமன்ஸ் சொசைட்டி’ என்று எழுதுங்கள். எத்தனை ஆண்டு என்று சொல்ல ‘ஃபோர் ஃபைவ் இயர்ஸ்’ என்று சேர்த்துவிடுங்கள். இது பொய்யும் அல்ல, பெருமையும் அல்ல. செய்த வேலைக்கு உரிய பெயர்.

எமது இடியப்பச் சகோதரியிடம் வருவோம். கடிதத்தை வரிவரியாக வாசித்துச் சொன்னபோது அவர் முகம் வாடியது. சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப மூண்டு மாசத்துக்குப் பிறகு என்ன எண்டு கேக்கோணும், என்ன அக்கா?” என்றார். மறுநாள் போய்க் கேட்டார். பயிற்சிக் காலத்தில் பேரூந்துச் செலவுக்கு மட்டும் பணம் தருவோம், பிறகு இடம் இருந்தால் எடுப்போம் என்றார்களாம்.

அவர் பயிற்சிக்குப் போனார். ஆனால் இடியப்பத்தை நிறுத்தவில்லை. மூன்று கடைகளை இரண்டாகக் குறைத்தார். விநியோகத்தை மகளிடம் ஒப்படைத்தார். படிவத்தில் முன் அனுபவம் என்ற இடத்தில், உணவு தயாரித்துக் கடைகளுக்கு வழங்கியவர் என்று எழுதுவித்தார். கடிதத்தை வாசிக்காமல் போயிருந்தால் மூன்று மாதம் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்திருக்கும் என்று இப்போது அவரே கேட்கிறார்.

ஆகவே சகோதரிகளே, இனி ஆங்கிலக் கடிதம் ஒன்று கைக்கு வந்தால் உடனே கையொப்பமிட வேண்டாம். ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். ஒரு பென்சிலை எடுத்து, ‘ஜொப்’ என்ற சொல்லுக்குப் பின்னால் இன்னொரு பெயர்ச்சொல் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு இன், அற், வித், அஸ், ஃபோர், பை, அப் டு என்ற சின்னச் சொற்கள் ஒவ்வொன்றின் கீழும் கோடு போடுங்கள். விளங்காததைப் படித்த பிள்ளைகளிடமோ, ஊர் ஆசிரியையிடமோ கேட்டு, பக்கத்தில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிரதி ஒன்றையும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்பதில் வெட்கமில்லை. கேட்காமல் கையொப்பமிட்ட பின்னர் அழுவதைவிட, கையொப்பமிட முன்னர் கேட்பது எவ்வளவோ மேல்.